ஆறு பேர், ஐந்து சீட்டு: மின்சாரக் காரைக் கொடுத்துவிட்டு டீசல் எஸ்யூவி எடுக்கலாமா?

ஆறாம்சீட்டு

வணக்கம். இரண்டு வருடமாக இந்தக் கார் மன்றத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது என் தலையிலேயே விழுந்துவிட்டதால் எழுதுகிறேன்.

வீட்டில் ஒரே கார். மின்சார ஹேட்ச்பேக், 40 யூனிட் பேட்டரி, வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், முழங்கால் வலி உண்டு. இன்னும் நான்கு மாதத்தில் மூன்றாவது குழந்தை. ஆக ஆறு பேர், ஐந்து சீட்டு.

தினமும் 45 கிலோமீட்டர் ஓட்டம். ராத்திரி வீட்டிலேயே சார்ஜ். டயரும் வைப்பரும் மாற்றியதைத் தவிர பெரிய செலவு வைக்கவில்லை. குறை என்றால் வெளியூர்ப் பயணம்தான். என் பெற்றோர் வீடு 280 கிலோமீட்டர். மாதம் ஒரு முறையாவது போகிறோம். நெடுஞ்சாலையில் முழு சார்ஜுக்கு 200 தாண்டுவதே பெரிய விஷயம். வழியில் ஒரு முறை 40 நிமிடம் நிற்கவேண்டும். போன தடவை எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி வரிசையில், இருந்த இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை. மகன் அழுத அழுகையில் அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு விற்பனையாளர் என் காரை எடுத்துக்கொண்டு ஏழு சீட்டு டீசல் எஸ்யூவி தருவதாகச் சொல்கிறார். ஓட்டிப் பார்த்தேன், அரண்மனை மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். என்ன செய்யலாம்?

டீசல்தாசன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எடுங்கள். ஆறு பேர் ஐந்து சீட்டில் உட்கார முடியாது, அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நான் பதினான்கு வருடமாக டீசல் எஸ்யூவிதான் ஓட்டுகிறேன். ஒரு முறை டாங்க் நிரப்பினால் 800 கிலோமீட்டர் திரும்பிப் பார்க்கவேண்டாம். குடும்பத்தோடு போகும்போது சார்ஜருக்கு வரிசையில் நிற்பதெல்லாம் கல்யாணமாகாத பையன்களுக்குச் சரி.

ஒயர்மேன்

தாசன் அண்ணே, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா!

ஆறாம்சீட்டு, ஒரு கேள்வி. அந்த 45 கிலோமீட்டர் ஒரே ஓட்டமா, துண்டு துண்டா?

ஆறாம்சீட்டு

துண்டுதான். பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர், காலையும் மாலையும் கொண்டுபோய் விட்டுத் திரும்புவதில் 16. அலுவலகம் போக வர 22. மீதி கடை, மருந்து, நீச்சல் வகுப்பு.

ஒயர்மேன்

அப்படியென்றால் டீசலைத் தொடாதீர்கள். எஸ்யூவி வேண்டாம் என்று சொல்லவில்லை, டீசல் வேண்டாம் என்கிறேன். இரண்டும் வேறு வேறு பேச்சு.

இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துத் தீர்க்க 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சூடு ஏறி நிற்கும். 4 கிலோமீட்டர் பள்ளி ஓட்டத்தில் ரேடியேட்டர் தண்ணீரே சரியாகச் சூடாகியிருக்காது. வண்டி எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் பள்ளி வாசலில் அணைத்துவிடுவீர்கள். மாலையில் திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப அணைப்பீர்கள். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். அப்புறம் மஞ்சள் விளக்கு, அப்புறம் பட்டறை. என் மைத்துனர் இதே கூத்தில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை வண்டியைப் பட்டறையில் விட்டார்.

இதில் வேடிக்கை, துண்டுத் துண்டு ஓட்டத்துக்கு என்றே பிறந்த வண்டி ஏற்கெனவே உங்கள் வாசலில் நிற்கிறது. நின்று நின்று போகும் சாலையில் பிரேக் பிடிக்கும்போது விரயமாகும் சக்தியில் ஒரு பங்கை மோட்டார் திரும்ப பேட்டரிக்கு அனுப்பும். எஞ்சின் சூடாவது என்ற பேச்சே இல்லை.

இன்னொரு கணக்கு. உங்கள் கார் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. அந்த எஸ்யூவி 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்தால் 80 யூனிட். அதே ஆட்களை அதே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஐந்து மடங்கு. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1,200 லிட்டர். உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். மின்சாரக் கணக்கு 2,400 யூனிட். அதையும் பெருக்கிப் பக்கத்தில் வையுங்கள்.

டீசல்தாசன்

டிபிஎஃப் சங்கதி உண்மைதான், மறுக்கவில்லை. என் ஓட்டம் முழுக்க நெடுஞ்சாலை, அதனால் எனக்கு அந்தத் தொல்லை வந்ததில்லை. சரி, டீசல் வேண்டாம் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிடில் ஏழு சீட்டு எடுக்கட்டுமே. ஆனால் கேள்வி எரிபொருள் இல்லை, சீட்டு. உங்கள் பெருக்கலில் ஆறாவது ஆளை எங்கே உட்காரவைப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மூணுபிள்ளைஅம்மா

தாசன் சொல்வதுதான் சரியான கேள்வி. ஆனால் அதே கேள்வியை அந்த ஏழு சீட்டு வண்டியிடமும் கேட்கவேண்டும். நான் அப்படி ஒன்றை மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்றவள்.

ஏழு சீட்டு என்றால் ஏழு பேர் என்று நினைத்துக்கொள்கிறோம். உட்காரவைத்துப் பாருங்கள். மூன்றாவது வரிசைக்குப் போக இரண்டாவது வரிசையைச் சாய்த்து முன்னால் தள்ளவேண்டும். அதில் குழந்தை சீட்டு பூட்டியிருந்தால் பல வண்டிகளில் சாய்க்க முடியாது. அப்புறம் என்ன வழி? டிக்கி வழியாக ஏறுவது, அல்லது நடுவில் புகுந்து தாண்டுவது. உங்கள் மாமியாரால் முடியுமா? முடியாது. ஆகவே அவர் முன்சீட்டு. கைக்குழந்தையும் மூன்று வயதுப் பையனும் இரண்டாவது வரிசை. பின்னால் போவது யார்? ஏழு வயது மகள், அல்லது உங்கள் மனைவி. பிரசவமாகி இரண்டு மாதத்தில் அவர் குனிந்து வளைந்து அங்கே போகவேண்டுமா என்று யோசியுங்கள்.

மகள் பின்னால் போகட்டும் என்பீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். வாந்தி வந்தால் கை எட்டாது. என்ன பேசுகிறாள் என்று கேட்காது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாவது வரிசை வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள், எல்லா வண்டியிலும் வருவதில்லை. தலை சாய்க்கும் இடத்துக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று கை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் டிக்கி. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் மிச்சம் இருப்பது இரண்டு கைப்பைக்கான இடம். குழந்தைத் தள்ளுவண்டி நுழையாது. ஆறு பேரை ஏற்றலாம், ஆறு பேரின் சாமான் ஏற்ற முடியாது. 280 கிலோமீட்டர் போகிறவர்களுக்குச் சாமான் இல்லாமல் இருக்குமா? கூரையில் பெட்டி கட்டினோம், மைலேஜ் இன்னும் விழுந்தது.

இப்போது உங்கள் மின்சாரக் காரின் பின்சீட்டைப் பற்றி. டேப்பை எடுத்துக்கொண்டு போய், உட்காரும் மட்டத்தில் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை அளந்து சொல்லுங்கள்.

எட்டிப்பார்ப்பவன்

பெரிய பயணத்துக்கு மட்டும் வாடகைக்கு வேன் எடுத்தால் ஆகாதா?

ஆறாம்சீட்டு

எட்டிப்பார்ப்பவன், மாதாமாதம் வாடகைக்கு எடுத்தால் அதுவே ஒரு தவணை ஆகிவிடும்.

மூணுபிள்ளைஅம்மா, அளந்தேன். 133 சென்டிமீட்டர். இப்போதுள்ள இரண்டு குழந்தை சீட்டும் ஆளுக்கு 48. மிச்சம் 37. அந்த 37இல்தான் மாமியார் வரும் நாட்களில் மனைவி உட்கார்ந்து வருகிறார்.

மூணுபிள்ளைஅம்மா

133 மோசமில்லை! 44 சென்டிமீட்டர் அகலத்தில் குழந்தை சீட்டுகள் இருக்கின்றன. மூன்று வைத்தால் 132. மயிரிழைதான், ஆனால் செய்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்று பின்னோக்கியும் இரண்டு முன்னோக்கியும் இருந்தால் அகலமான பகுதிகள் ஒன்றோடொன்று மோதாமல் கொஞ்சம் முன்பின்னாக அமையும். ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராகக் காரில் பூட்டுவது) பெரும்பாலான கார்களில் இரண்டு ஓரச் சீட்டில்தான் இருக்கும், நடுவில் பெல்ட்டால் கட்டுகிற சீட்டு வேண்டும். மகளுக்கு, கார் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டு, முதுகுள்ளதாக ஒல்லியாக ஒன்று போதும். ஆனால் அவள் பெல்ட்டின் பூட்டு பக்கத்துச் சீட்டுக்கு அடியில் புதைந்துபோகாமல் பாருங்கள், அதுதான் நிஜமான தலைவலி. கடையில் வாங்கும் முன் காரிலேயே வைத்துப் பார்க்கக் கேளுங்கள். வைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பின்னோக்கிய கைக்குழந்தைச் சீட்டு முன்னால் இருப்பவரின் சீட்டைத் தள்ளும். மாமியாருக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமென்றால் அதை அவருக்குப் பின்னால் வைக்கமுடியாது, டிரைவருக்குப் பின்னால் வைக்கமுடியுமா என்பது உங்கள் உயரத்தைப் பொறுத்தது. எல்லாம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இடம் இல்லையென்று முன்சீட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருக்கும்போது பின்னோக்கிய சீட்டை அதன் எதிரில் வைப்பது உயிருக்கு ஆபத்து.

டீசல்தாசன்

எல்லாம் சரி அம்மா. மூன்று பிள்ளையும் பின்னால், மாமியார் முன்னால், இவர் ஓட்டுகிறார். மனைவி? கூரையிலா?

நடுசீட்டு

கூரையில் இல்லை, இங்கேதான் இருக்கிறேன். ஆறாம்சீட்டின் மனைவி நான். இந்த இழையை அவர் ராத்திரி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார், என்னவென்று கேட்டு வாங்கிப் படித்தேன். சில திருத்தங்கள் இருக்கின்றன.

ஒன்று, மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறோம் என்பது பொய். போன வருடம் ஐந்து முறை போனோம். சார்ஜ் செய்த ரசீதுகள் என் போனில் இருக்கின்றன.

இரண்டு, மகன் அழுதது சார்ஜருக்காக இல்லை. பசி. சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது யார் என்று அவரையே கேளுங்கள்.

மூன்று, இதைத்தான் சொல்ல வந்தேன். ஆறு பேர் ஐந்து சீட்டு என்று தலைப்பில் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேர் போவோம். என் அம்மாவை மருத்துவரிடம் நான் கூட்டிப்போகும்போது குழந்தைகளையும் அள்ளிக்கொண்டால்கூட ஐந்து பேர். அவர் கூட்டிப்போனாலும் ஐந்து. நாங்கள் ஐவர் அம்மா இல்லாமல் வெளியே போனால் ஐந்து. நாங்கள் இரண்டு பேரும், அம்மாவும், மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போனால்தான் சீட்டு போதாது. அது எத்தனை நாள்?

எனக்கும் தெரியாது. ஆகவே இன்று முதல் காரில் ஒரு நோட்டு வைக்கிறேன். யார் யார் ஏறினார்கள், எவ்வளவு தூரம் என்று எழுதப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கெடுவெல்லாம் கிடையாது. குழந்தை வர நான்கு மாதம் இருக்கிறது, அந்த விற்பனையாளர் காத்திருக்கட்டும்.

டீசல்தாசன்

தம்பி, நீங்கள் தொலைந்தீர்கள்.

ஆறாம்சீட்டு

ஆமாம் அண்ணே. சாப்பாட்டுப் பை விஷயமும் உண்மை.

பழையசாவி

வாகனம் வாங்கி விற்கும் வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்பது எங்கள் பழைய தந்திரம், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

விற்பதே முடிவானால், முதலில் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பரிசோதித்து ஓர் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மின்சாரக் காரை வாங்குகிறவருக்கு இருக்கும் ஒரே பயம் பேட்டரி. அறிக்கை கையில் இல்லாவிட்டால் அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்போம். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவார்கள். உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி என்றால் அது வாங்குகிறவருக்கும் கூடவே போகும் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, பேரத்தில் அதைச் சொல்லுங்கள்.

மாற்றிக்கொள்ளும் பேரத்தில் இரண்டு விலை ஒளிந்திருக்கும், உங்கள் காருக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றில் கொடுத்து மற்றதில் எடுப்பது எங்களுக்குக் கை வந்த கலை.

ஒயர்மேன்

280 கிலோமீட்டர் பயணத்துக்கு ஒரு யோசனை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 100இல் போவதைவிட 120இல் போனால் தடை 44 சதவீதம் கூடும். 110இல் போகிறவர் 95க்கு இறங்கினால் உங்கள் 200 கிலோமீட்டர் ரேஞ்ச் நன்றாகவே நீளும். நேரத்தில் இழப்பது அரைமணிக்கும் குறைவு, அதில் பாதி சார்ஜரில் திரும்பக் கிடைத்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜரில் நிற்காதீர்கள், கடைசி 20க்கு ஊர்ந்துதான் ஏறும்.

கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆக, எந்த வண்டியானாலும் முதல் வருடம் வழியில் நிற்கத்தான் போகிறீர்கள். 800 கிலோமீட்டர் டாங்க் குழந்தைக்குத் தெரியாது.

எட்டிப்பார்ப்பவன்

பள்ளி வாசலில் தினமும் நிற்கப்போகிற வண்டி என்பதால் ஒன்று. மூக்கு உயரமான வண்டிகளில் முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி மோதினால் நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த மூக்குள்ள காரைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அரண்மனைதான். வெளியே நிற்பவை மற்றவர்களின் பிள்ளைகள்.

டீசல்தாசன்

கேமரா எதற்கு இருக்கிறது? இருந்தாலும் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

நடுசீட்டு

ஆறு வாரம் ஆகிவிட்டது. நோட்டு இதோ.

42 நாளில் கார் 39 நாள் ஓடியது. இப்போதைய ஐந்து பேரும் சேர்ந்து ஏறியது நான்கு முறை. அதில் மூன்று 10 கிலோமீட்டருக்குள். நான்காவது ஊர்ப் பயணம். வேறு எந்த நாளும் நான்கு பேரைத் தாண்டவில்லை. அவர் தனியாக மட்டும் ஓட்டிய ஓட்டங்கள்தான் அதிகம், எஸ்யூவி வாங்கியிருந்தால் அதற்கும் ஏழு சீட்டு வண்டியில்தான் போயிருப்பார்.

போன சனிக்கிழமை அந்த எஸ்யூவியை அம்மாவுக்குக் காட்டக் கூட்டிப்போனோம். ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றார். விற்பனையாளர் பின்னாலிருந்து தாங்கப் போனார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவர் கையை எடுத்துக்கொண்டார். இறங்கியதும் பக்கத்தில் நின்ற தாழ்ந்த தரையுள்ள, கதவு பக்கவாட்டில் நகரும் வேனில் போய்த் தானாக உட்கார்ந்துகொண்டார். இது யாருடையது என்று கேட்டார்.

மூணுபிள்ளைஅம்மா

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். இடுப்பு உயரத்துக்குச் சீட்டு இருந்தால் முழங்காலுக்கு வேலையே இல்லை, அப்படியே பின்னால் சாய்ந்து உட்காரலாம். எம்பிவி, அதாவது இந்த மாதிரிக் குடும்ப வேன் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள், ஆனால் அதே நீளத்தில் எஸ்யூவியைவிட உள்ளே இடம் அதிகம். நகரும் கதவென்றால் குழந்தைகள் பக்கத்து வண்டியில் இடிக்கவும் மாட்டார்கள். இப்போது மின்சாரத்திலேயே வருகிறது, ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் (ID. Buzz) வேனின் நீளமான வடிவத்தில் மூன்று வரிசை இருக்கிறது. கிட்டத்தட்ட 5 மீட்டர், நிறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம்சீட்டு

முடிவைச் சொல்லிவிடுகிறேன். டீசல் எஸ்யூவி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மின்சாரக் காரை வைத்துக்கொள்கிறோம். முதல் வருடம் ஊருக்குப் போகும் ஐந்து முறைக்கு வேன் வாடகை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், மாதத் தவணைகளுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. எட்டிப்பார்ப்பவன், உங்களிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து ஊர் விசேஷங்களுக்கு நான் டாக்சியில் பின்னால் வருவேனாம், இது நோட்டுக்காரரின் தீர்ப்பு. மகள் பூஸ்டரை விட்டு வெளியே வரும் வயதில் பழைய மின்சார வேன் ஏதாவது நல்ல நிலையில் கிடைத்தால் பார்ப்போம்.

எனக்கு அந்த எஸ்யூவி மேல் ஆசை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது குழந்தை வருகிறது என்றதும் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் போல் இருந்தது.

சரி, அது போகட்டும். 44 சென்டிமீட்டர் சீட்டுகளை நேற்று வைத்துப் பார்த்தோம். மூன்றும் உட்கார்ந்துவிட்டன, கதவும் சாத்துகிறது. ஆனால் மூணுபிள்ளைஅம்மா சொன்ன மாதிரியே, நடுவில் உட்காரும் மகளின் பெல்ட் பூட்டு பக்கத்துச் சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது, அவளால் தானே மாட்ட முடியவில்லை. பூட்டை நீட்டிக்கும் பட்டை வாங்கலாமா?

மூணுபிள்ளைஅம்மா

நீட்டிக்கும் பட்டை வேண்டாம். பூட்டு மேலே வந்து பூஸ்டரின் விளிம்பில் மடங்கினால் மோதலில் உடைந்துபோகலாம், பெல்ட்டும் வயிற்றுக்கு ஏறிவிடும். மகளை நடுவில் போடாமல் ஓரத்துக்கு மாற்றி, கைக்குழந்தையின் சீட்டை நடுவில் பெல்ட்டால் கட்டிப் பாருங்கள். அப்போது யாருடைய பூட்டு யாருக்கு அடியில் போகிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.